ராணி மாமியின் தவணைப் பழம்

இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப்போகிறேன். ராணி மாமியின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அப்பா கேட்டபோது, வீட்டில் இருந்த பழைய நினைவு மலர்களை எடுத்து வாசித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் "அன்பே உருவானவர்", "பழகுவதற்கு இனியவர்" என்று இருந்தது. மாமி கொழும்பில் புதுக்கடை நீதிமன்றங்களில் நீண்டகாலம் சட்டத்தரணியாக இருந்தவர். தன்னைப் பற்றி யாராவது அப்படி எழுதினால், "அதுக்குச் சாட்சி ஆர்?" என்று கேட்டிருப்பார். அதனால் நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். என்னுடைய பயத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். மாமியைப் பற்றிச் சொல்லும்போது பயத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

மாமி என் அப்பாவின் மூத்த சகோதரி. முழுப்பெயர் சிவயோகராணி. திருமணம் செய்யவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், நாங்கள் இரண்டாம் மாடியிலும் அவர் அதே கட்டடத்தின் ஆறாம் மாடியிலும் இருந்தோம். ஒவ்வொரு நாளும் காலையில் வழக்குக் கோப்புகள் நிரம்பிய பையோடு படியிறங்கி வந்து, எங்கள் கதவருகே நின்று, "ஆதி, மழை வருமோ? இடி இடிக்குமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். நான் போனில் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் திங்கட்கிழமை காலை அவர் வரவில்லை.

நான் பள்ளிக்கூட ரையைக் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மாமி வீட்டைத் திறக்கும் மாற்றுத் திறப்பை எடுத்துக்கொண்டு மேலே போனார். திரும்பி வந்தபோது செருப்பில்லாமல் வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா போட்டா," என்றார்.

"எங்கை, கோட்டுக்கோ?" என்று அம்மா குசினிக்குள் இருந்தபடியே கேட்டார். "என்ன, இண்டைக்கு இவ்வளவு வெள்ளன?"

அம்மா அகப்பையோடு வெளியே வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் அது எந்தப் போதல் என்று விளங்கியது.

அடுத்த கணம் எனக்கு அழுகை வரவில்லை. அதை உண்மையாகச் சொல்கிறேன். தொண்டையில் ஓர் அரிப்பு வந்தது. முதல் நாள் பின்னேரம் மாமியும் நானும் அவருடைய பல்கனியில் இருந்து, நான் அதற்கு முன் ஒருநாளும் தின்றிராத ஒரு பழத்தைத் தின்றிருந்தோம். நஞ்சுள்ள செடியின் பழம் அது. மாமி தின்றார், நானும் தின்றேன். மாமி இறந்துவிட்டார். நான் ரையின் முடிச்சைப் பிடித்தபடி நின்றேன்.

"அம்மா," என்றேன். "அந்தப் பழத்தை நானும் சாப்பிட்டனான்."

அம்மாவின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. எது விழுந்தாலும் உடனே எடுத்துக் கழுவி வைக்கிற அம்மா, அதைத் தாண்டி வந்து என் வாயை இரண்டு கையாலும் திறந்து உள்ளே பார்த்தார்.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மா என்னை நெருக்கிப் பிடித்துக்கொண்டு, "எரியுதோ? சுத்துதோ? கதைச்சுக்கொண்டு வா, நிப்பாட்டாதை," என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்ன கதைப்பதென்று தெரியவில்லை. வாய்ப்பாடு சொன்னேன். நெரிசலான காலி வீதியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஓட்டோ நிற்க, பதின்மூன்றாம் வாய்ப்பாடு எனக்குத் தடுமாறியது. அது எப்போதும் தடுமாறுவதுதான். ஆனால் அன்றைக்கு அது நஞ்சின் அறிகுறி என்று நம்பினேன்.

அங்கே ஒரு டொக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார், பழத்தைப் பற்றிக் கேட்டார். நான் பெயரைச் சொன்னதும் தன் போனில் தேடி வாசித்தார்.

"பழுத்ததோ, காயோ?"

"பழுத்தது. செதில் தானாக் கழண்டது."

"அப்ப பயப்பட ஒண்டுமில்லை. எண்டாலும் பின்னேரம் வரைக்கும் இஞ்ச இருங்கோ. இருந்து பாப்பம்."

எனக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். இருந்து பார்ப்போம் என்பதற்கு மாமி, வழக்கை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கும்போது நீதிமன்றத்தில் சொல்லும் சொல்லை வைத்திருந்தார். தவணை.

அந்தக் கட்டிலில், கையில் ஊசி ஒட்டியபடி, சாவேனோ மாட்டேனோ என்று தெரியாமல் கிடந்தபோது மாமியைப் பற்றி என்னென்ன நினைத்தேனோ அவற்றையே இனி வரிசையாக எழுதுகிறேன்.

மாமி எல்லாவற்றுக்கும் பயந்தவர். லிப்டுக்குப் பயம். கரண்ட் போய் ஒருமுறை உள்ளே மாட்டுப்பட்டதிலிருந்து ஆறு மாடியும் ஏறித்தான் போவார். பல்லிக்குப் பயம். கடலுக்குப் பயம், ஒழுங்கையின் முடிவில் கடல் இருந்தும் ரயில் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் போகமாட்டார். காஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படியிறங்கி, மூடினேனோ என்று திரும்ப ஏறுவார். யாராவது கதவைப் பலமாகத் தட்டினால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். நீதிமன்றத்தில் எழும்பிக் கதைப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் கை நடுங்குமாம். "அதுக்குத்தான் தடிச்ச கோப்பாப் பிடிக்கிறனான்," என்று சொன்னார். "மெல்லிசு எண்டா பேப்பர் ஆடுறது நீதவானுக்குத் தெரிஞ்சுபோம்."

நானும் பயந்தவள். நாய், ஊசி, பள்ளிக்கூட மேடை. அப்பா எங்கள் இரண்டு பேரையும் "பயந்தாங்கொள்ளிச் சங்கம்" என்பார். "தலைவி மேல்மாடி, செயலாளர் கீழ்மாடி."

"பொருளாளர் ஆரடா?" என்று மாமி கேட்பார்.

"நான்தான். லிப்டுக்குப் பயந்து ஏறி ஏறித் தேயுற செருப்பெல்லாம் ஆர் வாங்கித் தாறது?"

இப்படிப்பட்டவர்தான் உலகத்தில் யாரும் தின்னத் துணியாத பழங்களையெல்லாம் வாயில் வைத்தார்.

பண்டாரவளையில் மாமியோடு படித்த ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் சரிவாக இறங்கும் ஒரு தோட்ட வளவு இருந்தது. மாமி அதை வாடகைக்கு எடுத்திருந்தார். நீதிமன்ற விடுமுறைகளில் அங்கே போவார். எனக்குப் பள்ளிக்கூடமும் விடுமுறை என்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ரயில் மலை ஏற ஏற ஜன்னலால் குளிர் வரும். மாமி காதை மூடி ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு, சுரங்கங்கள் வரும்போது என் கையைப் பிடிப்பார். வளவுக்குள் கால் வைத்ததும் அந்தக் கை விட்டுப்போகும். அங்கே மரத்தக்காளி இருந்தது. முட்டை வடிவில், கருஞ்சிவப்பாக, கடித்தால் தக்காளியும் பாஷன்புரூட் என்கிற கொடித்தோடையும் சண்டை பிடிப்பது போல ஒரு புளிப்பு. காகிதக் கூட்டுக்குள் மஞ்சள் மணியாக ஒளிந்திருக்கும் சிறுபழம் இருந்தது. கூடு காயுமுன் தொடவிடமாட்டார். கொய்யாவைப் போன்ற ஃபெய்ஜோவா இருந்தது. அதைப் பறிக்கவே கூடாது, தானாக விழுந்ததை மட்டும் பொறுக்க வேண்டும். காலையில் பனியோடு அது புல்லில் கிடக்கும். வெட்டினால் வாசனைச் சவர்க்காரம் போல மணக்கும்.

ஒன்றைத் தின்பதற்கு மாமியிடம் ஒரு முறை இருந்தது. முதலில் அது என்ன செடி என்று புத்தகத்திலும் ஆட்களிடமும் கேட்டு உறுதிசெய்வார். பெயர் தெரியாத எதையும் தொடமாட்டார். "பேர் இல்லாதவரை நான் கூண்டில ஏத்திறதில்லை." பெயர் தெரிந்தாலும், பழுத்ததோ இல்லையோ என்பதை நம்பமாட்டார். ஒரு சின்னத் துண்டை உதட்டில் வைத்து எடுப்பார். அது முதலாம் விசாரணை. உடனே, "தவணை," என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். உதடு எரியாவிட்டால் நாக்கு நுனி. மறுபடி தவணை. அதன் பிறகு தொண்டை, அது மேன்முறையீடு.

"வயிறு?" என்று நான் கேட்டேன்.

"வயிறுதான் உச்ச நீதிமன்றம். அங்க போனா அதுக்குமேல ஒண்டுமில்லை."

என் வேலை மணிக்கூட்டைப் பார்ப்பது. இன்னொரு வேலையும் இருந்தது. அம்புலன்சின் இலக்கத்தை போனில் அடித்து, பச்சைப் பொத்தானை மட்டும் அமத்தாமல் வைத்திருக்க வேண்டும். மாமி உதட்டில் துண்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் பெருவிரலைப் பொத்தானுக்கு மேல் வைத்துக்கொண்டு மாமியைப் பார்ப்பேன். இரண்டு பேருக்கும் நெஞ்சு அடிக்கும். பிறகு மாமி, "ம்," என்பார். முதல் வாய் எப்போதும் அவருடையதுதான். அவர் "ம்" என்று சொல்லாமல் எனக்கு ஒரு துண்டும் கிடைத்ததில்லை.

இவ்வளவு பயந்தவர் ஏன் இதைச் செய்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். வளவின் மேற்படியில் இருந்து ஒரு பேரிக்காயைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகு சொன்னார்.

"நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க ஒரு கலவரம் வந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தங்கட சாமான் அறைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தவ. வெளிச்சம் தெரியக்கூடாது எண்டு லைற்றை அணைச்சுப்போட்டு இருந்தனாங்கள். அவ கதவைத் திறந்து என்ர கைக்குள்ள என்னவோ ஒண்டை வச்சிட்டுப் போனா. குளிரா, வழுவழுப்பா இருந்தது. ஆரோ முதல் நாள்தான் சொன்னவை, சாப்பாட்டுக்குள்ள நஞ்சு போட்டுக் குடுக்கினமாம் எண்டு. நான் தின்னேல்லை. இறுக்கிப் பிடிச்சுக்கொண்டே இருந்திட்டன். விடிஞ்சு கதவைத் திறக்கப் பாத்தா, பேரிக்காய். அவவின்ர ஊர் இந்தப் பக்கம்தான். என்ர அஞ்சு விரலும் அதில கறுப்பாப் பதிஞ்சு கிடந்தது. அவ அதைப் பாத்தவ. ஒண்டும் சொல்லேல்லை."

மாமி பேரிக்காயை என்னிடம் தந்தார். அதற்கு மட்டும் தவணை போடவில்லை.

அந்த வளவின் கல்மதிலில் ஏறிப் படர்ந்திருந்ததுதான் மொன்ஸ்டெரா. கொழும்பில் பெரிய அலுவலகங்களின் வாசலில் சட்டிக்குள் நிற்குமே, ஓட்டை ஓட்டையாக அகன்ற இலையோடு, அதே செடி. சட்டிக்குள் அது காய்ப்பதில்லை. பண்டாரவளை மதிலில் காய்த்தது. சோளப்பொத்தி போல நீளமாக, பச்சையாக, உடம்பெல்லாம் ஆறுமூலைச் செதில்களோடு இருக்கும். பழுக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும். காயாக இருக்கும்போது வாயில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் குத்தும். செதில்கள் தாமாகக் கழன்று விழுந்த இடம் மட்டுமே பழம். ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் நஞ்சு. ஒரே பொத்தியில் கீழ்ப்பாதி பழமாகவும் மேல்பாதி நஞ்சாகவும் இருக்கும்.

சென்ற வருடம் மாமி ஒரு பிழை விட்டார். ஒரு செதில் விழ வில்லங்கப்பட்டுக்கொண்டு தொங்கியது. மாமி அதை நகத்தால் தட்டிவிட்டு, அதன் கீழிருந்ததை நாக்கு நுனியில் வைத்தார். உடனே கண்ணால் தண்ணீர் ஓடத் தொடங்கியது. நாக்கு தடித்துச் சொல் வரவில்லை. நான் பச்சைப் பொத்தானை அமத்தப்போக, வேண்டாம் என்று கையால் தடுத்து, குளிர்ந்த பாலைக் காட்டினார். பாலை வாயில் வைத்து வைத்துத் துப்பினார். பேச்சு திரும்பி வந்ததும் முதலில் சொன்னது: "பிழை என்ரது. தவணைக்கு முதல் வழக்கை எடுத்திட்டன். பழத்தில குற்றமில்லை."

அன்றைக்கு நான் அழுதேன். இனி இந்தப் பழம் வேண்டாம் என்றேன். "வேண்டாம் எண்டு தீர்ப்புச் சொல்ல நீ இன்னும் விசாரிக்கேல்லையே," என்றார்.

இந்த வருடம் அந்தக் கொடியில் மற்றொன்று முற்றியது. அடிச்செதில்கள் வெடிக்கத் தொடங்கியதும் மாமி அதை வெட்டி, பத்திரிகைத் தாளில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குக் கொண்டுவந்தார். ஆறு மாடி ஏறும்போது இடதுதோளைத் தேய்த்துக்கொண்டே ஏறினார். "கோப்புப் பை தூக்கித் தூக்கி இழுக்குது," என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கண்டதை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

நாலாம் மாடிப் புவனம் அன்ரி படியில் எதிரே வந்தார். "என்ன ராணி அக்கா, பிள்ளையைத் தூக்கிற மாதிரித் தூக்கிக்கொண்டு வாறியள்?"

"மொன்ஸ்டெரா."

"மொன்ஸ்டரோ! ஐயோ, பேய்ப் பேர் வச்ச சாமானை ஆராவது வாயில வைப்பினமே? சந்தைக்குப் போனா மாம்பழம் இல்லையோ?"

"மாம்பழத்தில என்ன விசாரணை இருக்கு, புவனம்?"

அதை உயரமான கண்ணாடி டம்ளர் ஒன்றில் நிமிர்த்தி வைத்தார். ஞாயிறு பின்னேரம் நான் மேலே போனபோது டம்ளரின் அடியில் பச்சைச் செதில்கள் உதிர்ந்து கிடந்தன. பல்கனி முழுதும் அன்னாசியும் வாழைப்பழமும் சேர்ந்த வாசம். மாமி உதிர்ந்த இடத்தை மட்டும் வெட்டினார். உதடு, தவணை. நாக்கு, தவணை. தொண்டை. நான் மணிக்கூட்டையும் போனையும் பிடித்துக்கொண்டு இருந்தேன். கீழே ஒரு ரயில் போனது. மாமி கண்ணை மூடியிருந்தார். பிறகு "ம்," என்றார். அந்த "ம்" மற்ற நாட்களை விட நீளமாக இருந்தது.

எனக்குத் தந்தார். "கறுப்புத் துகள் கொஞ்சம் தொண்டையை அரிக்கும். அது அதின்ர குணம். பயப்பிடாதை," என்றார். இனிப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. மிச்சத்தைத் திரும்பச் சுற்றிக் குளிர்ப்பெட்டியின் கீழ்த் தட்டில் வைத்தார். "குளிருக்குள்ள பிறந்தது. கொழும்பு வெக்கையில விட்டா அவசரப்படும். மிச்ச வழக்குக்குத் தவணை." வாசலில் நின்று சொன்ன அதுதான் நான் அவரிடமிருந்து கேட்ட கடைசி வசனம்.

இவை எல்லாவற்றையும் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைத்தேன். தொண்டை அரிப்பது பழத்தின் குணம் என்று மாமி சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அதைச் சொன்னவரே இப்போது இல்லையே என்பதும் கூடவே வந்தது. பின்னேரம் டொக்டர் வந்து மறுபடி நாக்கைப் பார்த்து, "வீட்டை போகலாம்," என்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

திடீர் மரணம் என்பதால் பொலிஸ் வந்திருந்தது. நாங்கள் வீடு திரும்பும்போது ஓர் அதிகாரி படியடியில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று அவர் சிங்களத்தில் கேட்க, புவனம் அன்ரி முந்திக்கொண்டு, "மொன்ஸ்டர் புரூட், மாத்தயா," என்றார். அதிகாரி பேனையை நிறுத்தி, "மொன்ஸ்டர்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பொலிஸ் என்றால் மாமிக்கும் பயம், எனக்கும் பயம். கையில் தடித்த கோப்பும் இல்லை. அம்மாவின் கைப்பையை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

"மொன்ஸ்டெரா," என்றேன். "மொன்ஸ்டர் இல்லை."

"நங்கி, ஹரியட்ட கியன்ன," என்றார் அவர். தங்கச்சி, சரியாகச் சொல்லுங்கள் என்று. நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அது பழுத்திருந்ததையும், நானும் தின்றதையும், நான் இதோ நிற்பதையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முன்பு எழுதியதை வெட்டித் திரும்ப எழுதினார். அந்தப் பார்வையில்தான் எனக்கு விளங்கியது: பழத்துக்கு இருந்த ஒரே சாட்சி நான்தான். நான் உயிரோடு இருப்பதுதான் சாட்சியம்.

பிரேத பரிசோதனையில் மாரடைப்பு என்று வந்தது. இதயக் குழாய் அடைத்து, நித்திரையிலேயே. இடி, பல்லி, லிப்ட், கடல், காஸ், கதவுத் தட்டல் என்று எல்லாவற்றுக்கும் பயந்த மாமி, தன் இதயத்துக்கு ஒருநாளும் பயந்ததில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உள்ளுக்குள் குளிர்கிறது.

ஆனால் காகிதத்தில் மாரடைப்பு என்று வந்த பிறகும் கதை நிற்கவில்லை. இறுதி மரியாதைக்கு வைத்திருந்த மலர்ச்சாலையில் மாமி வெள்ளைச் சேலையோடு கிடக்க, பின்வரிசைக் கதிரைகளில் என் காதுபடவே கதைத்தார்கள். "பழம் திண்டுதானாம்." "படிச்ச மனிசிக்கு ஏன் இந்த வேலை?" புவனம் அன்ரி கெட்டவர் இல்லை, மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனாலும், "மாரடைப்பு சரி, இதயத்தை நிப்பாட்டினது என்னெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். மாமியின் பெயர் இனி அப்படித்தான் நிலைக்கப் போகிறது என்று நான் பயந்தேன். நீதிமன்றத்தில் எத்தனையோ பேருக்காகக் கை நடுங்க நடுங்க எழும்பி நின்றவர், பேய்ப்பழம் தின்று செத்த மனிசி என்று.

கனத்தை மயானத்தில் தகனம் முடிந்த பிறகு, மிச்சப் பழம் நினைவுக்கு வந்தது. சொன்னால் எறிந்துவிடுவார்கள். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாமியின் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடுவதாகச் சொல்லித் திறப்பை வாங்கிக்கொண்டு ஆறாம் மாடிக்கு ஏறினேன். தண்ணீரும் விட்டேன்தான். அந்த வெறும் வீட்டுக்குள் போவதற்கு இருந்த பயத்தை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவதென்று தெரியவில்லை. கட்டிலில் விரிப்பு இல்லை. வாசலில் அவருடைய செருப்பு. நான் உள்ளே போகும் நேரம் பார்த்துக் குளிர்ப்பெட்டியின் மோட்டர் உறுமத் தொடங்கும். நான் கத்திவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு கீழ்த் தட்டை இழுத்து, தாளை விரித்துப் பார்ப்பேன். இன்னும் சில செதில்கள் கழன்றிருக்கும். நான் எதையும் நகத்தால் தட்டவில்லை.

எட்டாம் நாள் வந்தது. எங்கள் குடும்பத்தில் எட்டுக்கு, இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் மச்சமும் மரக்கறியுமாகச் சமைத்து அவருடைய அறையில் படைப்போம். படைத்துவிட்டு விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, அவர் வந்து சாப்பிடும்வரை வெளியே இருப்போம். பிறகு திறந்து, படைத்ததில் எல்லோரும் ஒரு வாயாவது எடுக்க வேண்டும். அன்று மாமியின் அறையில் வாழையிலை விரித்து, புட்டு, இறால் பொரியல், முருங்கைக்காய்க் கறி, காலி வீதிக் கடையில் வாங்கிய கொத்துறொட்டி, சீனி போடாத தேத்தண்ணி எல்லாம் வைத்தார்கள். நான் குளிர்ப்பெட்டியைத் திறந்து பொதியை எடுத்து வந்தேன். அவிழ்த்ததும் வாசம் வீடெல்லாம் பரவியது. மிச்சச் செதில்கள் அத்தனையும் தாளில் உதிர்ந்து கிடந்தன.

"ஆதி!" அம்மா கத்தினார். "அதை இன்னும் வச்சிருக்கிறியோ?"

"மாமிக்கு விருப்பமானது அம்மா."

"படைச்சா எல்லாரும் அதில ஒரு வாய் எடுக்கோணும். ஆர் எடுக்கிறது?"

"நான் முதல்ல உதட்டில வச்சுப் பாத்துச் சொல்லுறன்."

"படையலை எச்சில் பண்ணுவியோ? உனக்கென்ன விசரே?"

புவனம் அன்ரி தேத்தண்ணிக் கோப்பையை இலையருகே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ருசி பாக்காமல் எங்களுக்குத் தின்ன ஏலாது. ருசி பாத்தா அவவுக்குப் படைக்க ஏலாது. அப்ப விடு பிள்ளை, மாம்பழம் வாங்கி வச்சிருக்கிறன்."

மாமியின் முறையும் படையலின் முறையும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன. பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அது குளிராக இருந்தது. விரல் பதிந்துவிடுமோ என்று பிடியைத் தளர்த்தினேன்.

மரணவீட்டு நாட்களில் நாலு வசனம்கூடச் சேர்ந்தாற்போல் பேசாத அப்பா, சுவரில் சாய்ந்திருந்தவர், எழும்பி வந்து பழத்தை மணந்து பார்த்தார்.

"வையடி பிள்ளை," என்றார். "எப்பவும் அக்காதானே முதல் வாய் வைக்கிறவ. அவ பாக்கட்டும். நாங்கள் பிறகு எடுப்பம்."

புவனம் அன்ரி குனிந்து, மாம்பழத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து, இலையில் இடம் விட்டார்.

நான் பழத்தை மாமியின் டம்ளரில் நிமிர்த்தி, இலையின் நடுவில் வைத்தேன். வெளியே வந்தோம். அம்மா என் பக்கத்தில் நின்று, "எவ்வளவு நேரம் விடவேணும்?" என்று குசுகுசுத்தார். நான் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தேன். அது என் வேலைதானே. மறுகை வழக்கப்படி போனைத் தேடியது. இந்த முறை அடிப்பதற்கு ஓர் இலக்கமும் இல்லை. கதவைத் திறந்த பிறகு முதலாவதாக நான்தான் அதை வாயில் வைக்க வேண்டும், எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது, மாமி. நீங்கள் உள்ளே இருந்தீர்கள். இருட்டில் கைக்கு வந்திருப்பது என்ன பழம் என்று இந்த முறை உங்களுக்குத் தெரியும். ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போய்வாருங்கள்.

"தவணை," என்று மெல்லச் சொன்னேன். அப்பா கதவிடுக்கால் உள்ளே சுவிட்சுக்குக் கையை நீட்டினார். விளக்குகள் அணைக்கப்பட்டன.